லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் வீடு, கொரோனா, குவீன்ஸ்: பையனோடு போய்வந்த ஒரு சனிக்கிழமை

நியூயார்க் பக்கம் இருக்கிற நம்மவர்களில் பாதிப் பேருக்கு 7 ஆம் நம்பர் ரயில் தெரிந்திருக்கும். ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்கும், கும்பிட்டு முடித்ததும் கீழே இருக்கிற கேன்டீனில் தோசை சாப்பிடவும் அதில்தான் போவோம். நான் 11 வருடமாக அந்த ரயிலில் போய்வருகிறேன். வழியில் "103 ஆம் தெரு, கொரோனா பிளாசா" என்று ஒரு நிறுத்தம் வரும், கதவு திறக்கும், மூடும், நான் போனைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் ஜாஸ் ட்ரம்பெட் மேதை லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் 28 வருடம் குடியிருந்த வீடு, அவர் விட்டுப்போன அடுப்பு, கட்டில், டேப் ரெக்கார்டர் எல்லாத்தோடும் அப்படியே இருக்கிறது என்பது போன மாதம்வரை எனக்குத் தெரியாது.

தெரியவைத்தது என் பையன். ஆறாம் வகுப்பு. பள்ளி பேண்டில் ட்ரம்பெட் ஊதுகிறான். போன வருடம் செப்டம்பரில் வாடகைக்கு ஒரு ட்ரம்பெட் எடுத்துக் கொடுத்தோம், முதல் மூன்று மாதம் வீட்டில் யானை பிளிறுகிற மாதிரிதான் இருந்தது, அப்புறம் மெல்ல மெல்ல ஒரு ஸ்வரம் நின்றது, இரண்டு நின்றது, இப்போது ஒரு சின்ன மெட்டை முழுதாக ஊதிவிடுகிறான். பேண்ட் வாத்தியார் ஒரு நாள் வகுப்பில் ஆம்ஸ்ட்ராங்கின் 1928 ஆம் வருடப் பதிவு ஒன்றைப் போட்டுக் காட்டியிருக்கிறார். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. அவர் வீடு இங்கேதான் இருக்கிறது, ரயிலிலேயே போகலாம் என்று கண்டுபிடித்துக்கொண்டு வந்ததும் அவன்தான்.

முதலில் காரியத்துக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். டிக்கெட்டை இணையத்திலேயே நேரம் குறித்து வாங்கிவிடுங்கள். வீடு சின்னது, ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் உள்ளே அழைத்துப் போக முடியும், அதனால் நேராகப் போய் நின்று பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, கட்டணமும் மாறலாம், கிளம்புவதற்கு முன் அவர்கள் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியிலிருந்து வருகிறவர்கள் பஸ்ஸில் போர்ட் அத்தாரிட்டியில் இறங்கி, நிலத்தடி வழியாகவே நடந்து 7 ஆம் நம்பரைப் பிடித்துவிடலாம். முகவரி 107 ஆம் தெரு, 34-56.

தெருவுக்குள் நுழைந்ததும் எங்கே வீடு என்று தேட வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் நெருக்கமாக இரண்டு மாடி வீடுகள், கம்பி கேட், வாசலில் குப்பைத் தொட்டி, ஒரு வீட்டு ஜன்னலில் ஸ்பானிஷ் பாட்டு. அதில் சிவப்புச் செங்கல் முகப்போடு ஒரு வீடு, அதுதான். உலகம் முழுக்க அறிந்த மனிதர், பணம் இருந்தது, எங்கே வேண்டுமானாலும் பெரிய பங்களா வாங்கியிருக்கலாம். ஆனால் தொழிலாளிகள் குடியிருந்த இந்தத் தெருவிலேயே சாகும்வரை இருந்தார். இருந்தார் என்று சொல்வதுகூடச் சரியில்லை. வருடத்தில் பெரும்பகுதி ஊர் ஊராகக் கச்சேரி, அதனால் வீடு என்பது அவருக்குத் திரும்பிவருகிற இடம். வாங்கியதும் அவர் இல்லை, மனைவி லுசில். 1943 இல் அவர் சுற்றுப்பயணத்தில் இருக்கும்போது லுசில் வீட்டை வாங்கி, சாமான்களையும் போட்டுவிட்டார். அவர் ஊர் திரும்பி டாக்சியில் வந்து இறங்குகிறார், வீட்டைப் பார்க்கிறார், இது நம் வீடாக இருக்காது என்று டாக்சிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் போய்த்தான் கதவைத் தட்டினாராம். கதவைத் திறந்தது லுசில். எங்களை அழைத்துப் போன பெண் இதைச் சொல்லும்போது சரியாக அந்த வாசற்படியில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

உள்ளே போனதும் ஒரு கூடம், ஒரு சாப்பாட்டு அறை. கீழே ஒரு குளியலறை, சுவரெல்லாம் கண்ணாடி, குழாய்களுக்குத் தங்க முலாம். பிறகு சமையலறை. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான். அலமாரிகள் எல்லாம் ஒரே பளபளக்கும் மயில்நீலம், வளைவு வளைவாக, ஒரு கப்பலின் உள்பக்கம் மாதிரி. மேடையிலேயே பதித்த மிக்ஸி. அந்தக் காலத்துக்கு ஆர்டர் கொடுத்துச் செய்த பெரிய அடுப்பு. லுசிலுடைய ரசனை இது, ஒரு நடனக்காரி, காட்டன் கிளப் என்ற இரவு விடுதியில் ஆடியவர், ஒரு வீடு எப்படி இருக்க வேண்டும் என்று கனவு கண்டு ஒவ்வொரு கதவையும் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிகிறது. ஒரு சமையலறையைப் பாதுகாப்பதற்கு அரசாங்கம் ஏன் பணம் செலவழிக்க வேண்டும் என்று கேட்பவர்களை ஒருமுறை அங்கே கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அனாதை மாதிரி தெருவில் திரிந்த ஒரு கறுப்பினச் சிறுவன் ட்ரம்பெட் ஊதி எவ்வளவு தூரம் வந்து சேர்ந்தான் என்பதை எந்த விளக்கப் பலகையையும்விட அந்த மயில்நீல அலமாரி நன்றாகச் சொல்கிறது.

மாடியில் படுக்கையறை. 1971 ஜூலை 6 அன்று தூக்கத்திலேயே உயிர் போனது இந்த அறையில்தான். பக்கத்தில் அவருடைய தனி அறை: மேஜை, அலமாரி முழுக்க ரெக்கார்டுகள், சுவரில் பதித்த ரீல் டேப் ரெக்கார்டர்கள். சுவரில் அவருடைய ஓவியம் ஒன்று தொங்குகிறது, வரைந்தவர் பாடகர் டோனி பென்னட். ஆம்ஸ்ட்ராங் வீட்டில் இருக்கும்போதெல்லாம் டேப் ஓடிக்கொண்டே இருக்குமாம். விருந்தாளிகளோடு அரட்டை, லுசிலோடு வாக்குவாதம், தன் பழைய ரெக்கார்டைப் போட்டுக்கொண்டு அதோடு சேர்ந்து ஊதுவது, எல்லாம் பதிவாகியிருக்கிறது. இப்படி நூற்றுக்கணக்கான ரீல்கள். ஒவ்வொரு ரீல் பெட்டியின் அட்டையிலும் பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டி அவரே அலங்கரித்திருக்கிறார்.

அந்த டேப்களில் இருந்து சின்னச் சின்னத் துண்டுகளை ஒவ்வொரு அறையிலும் போட்டுக் காட்டுகிறார்கள். சாப்பாட்டு அறையில் நிற்கும்போது அவர் சாப்பாட்டைப் பற்றிப் பேசுகிற குரல். மாடி அறையில் அவர் தனியாக ஊதுகிற சத்தம். கச்சேரி இல்லை, பயிற்சி. என் பையன் என் கையைப் பிடித்து இழுத்து, "அம்மா, இவரும் வீட்டில் பிராக்டிஸ் பண்ணியிருக்கார்" என்றான். அவனுக்கு அது பெரிய செய்தி. தினமும் இருபது நிமிடம் உட்கார வைக்க நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும். அறுபது வயதுக்கு மேலும் அந்த மனிதர் அறையில் உட்கார்ந்து நீள் ஸ்வரம் பிடித்திருக்கிறார் என்பதை அவன் தன் காதாலேயே கேட்டுவிட்டான்.

சரி, இந்த வீடு எப்படி மிஞ்சியது என்பதுதான் எனக்கு இந்த வருகையில் முக்கியமாகப் பட்ட விஷயம். லுசில் 1983 இல் இறக்கும்வரை வீட்டை அப்படியே வைத்திருந்தார். அவருக்குப் பிறகு வீடு நியூயார்க் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. சொந்தக்காரர் நகரம், நடத்துவதற்குப் பொறுப்பேற்றது குவீன்ஸ் காலேஜ், அதுவும் நகரப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற பொதுக் கல்லூரி. 1976 இலேயே தேசிய வரலாற்றுச் சின்னம் என்று அறிவித்துவிட்டார்கள். ஆனாலும் பொதுமக்களுக்குத் திறந்தது 2003 அக்டோபரில். லுசில் இறந்து இருபது வருடம் கழித்து. கூரை ஒழுகாமல், குழாய் வெடிக்காமல், யாரும் அலமாரியைக் கழற்றிக்கொண்டு போகாமல் அந்த இருபது வருடமும் யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தால்தான் நாம் இன்றைக்கு மயில்நீல சமையலறை பார்க்கிறோம். அதை யாரும் கைதட்டிப் பாராட்டுவதில்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் நியூ ஆர்லியன்ஸ். ஆம்ஸ்ட்ராங் பிறந்தது அங்கே, 1901 ஆகஸ்ட் 4. பிறந்த வீடு ஜேன் ஆலி என்ற சந்தில் ஒரு மரக்குடிசை. 1964 இல் அதை இடித்துத் தள்ளினார்கள், போலீஸ், கோர்ட் கட்டடங்களுக்கு இடம் வேண்டும் என்று. அப்போது அவர் உயிரோடு இருந்தார், உலகப் புகழோடு இருந்தார். அதே 1964 இல் அவருடைய பாட்டு ஒன்று அமெரிக்கத் தரவரிசையில் பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு முதல் இடத்தில் இருந்தது! அப்புறம் சவுத் ராம்பார்ட் தெருவில் கார்னாஃப்ஸ்கி என்ற யூதக் குடும்பத்தின் கடை. சிறுவயதில் அவர்கள் வண்டியில் வேலை பார்த்தார், அவர்கள் வீட்டில் சாப்பிட்டார், முதல் கார்னெட் (ட்ரம்பெட் மாதிரியே ஒரு சின்ன வாத்தியம்) வாங்கப் பணம் கொடுத்து உதவியதும் அவர்கள்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். அந்தக் கடைக் கட்டடம் வரலாற்றுச் சின்னப் பதிவேட்டில் இருந்தது. இருந்தும் பல வருடம் காலியாகக் கிடந்து, 2021 ஆகஸ்டில் ஐடா புயலில் செங்கல் குவியலாக விழுந்துவிட்டது. பதிவேட்டில் பெயர் எழுதினால் மட்டும் சுவர் நிற்காது. ஜாஸ் பிறந்த ஊரில் அவர் வாழ்ந்த இடங்கள் போய்விட்டன, ரயிலில் ஒரு நாளுக்கும் மேலான தூரத்தில் இருக்கிற குவீன்ஸில் மட்டும் பல் விளக்கும் கோப்பைவரை பத்திரமாக இருக்கிறது என்றால், வித்தியாசம் அந்தச் சம்பளப் பட்டியல்தான்.

நியூ ஆர்லியன்ஸ்காரர்களை மட்டம் தட்டுவதாக நினைக்க வேண்டாம். 1994 இல் அமெரிக்க காங்கிரஸ் சட்டம் போட்டு அங்கே ஜாஸுக்கென்றே ஒரு தேசியப் பூங்கா உண்டாக்கியது. பூங்கா என்றால் மரம், மலை இல்லை. இசையைக் காப்பதும் சொல்லிக் கொடுப்பதும்தான் அதன் வேலை, அங்கே சீருடை போட்ட ரேஞ்சர்களிலேயே வாத்தியம் வாசிக்கிறவர்கள் இருந்திருக்கிறார்கள். பழைய அரசு நாணயச் சாலைக் கட்டடத்தில் மாநில அரசின் ஜாஸ் அருங்காட்சியகமும் இருக்கிறது. அதற்கு முன்பே, 1987 இல், ஜாஸ் ஒரு அரிய தேசியச் செல்வம் என்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது. டெட்ராய்ட் உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் கொண்டுவந்த தீர்மானம் அது. தீர்மானம் போடுவது சுலபம், அதன் பிறகு வருடா வருடம் பணம் ஒதுக்குவதுதான் கஷ்டம்.

வீட்டைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் வந்தால் புதிய கட்டடம். லூயிஸ் ஆம்ஸ்ட்ராங் சென்டர். 2023 ஜூலையில் திறந்தார்கள். சுமார் 2.6 கோடி டாலர், பெரும்பகுதி பொதுப்பணம். கண்ணாடி முகப்பு லேசாக வளைந்து, வெளியே பித்தளை நிறத்தில் வலை. பக்கத்து வீடுகளை அமுக்கிவிடாத உயரத்தில் நிற்கிறது. அது எனக்குப் பிடித்திருந்தது. உள்ளே கண்காட்சி, பியானோ கலைஞர் ஜேசன் மோரன் அமைத்தது. தங்க முலாம் பூசிய ட்ரம்பெட், பாஸ்போர்ட், கடிதங்கள், நான் சொன்ன அந்த ரீல் பெட்டிகள். என் பையன் ட்ரம்பெட்டுக்கு முன்னால் பத்து நிமிடம் நின்றான், குனிந்து வால்வைப் பார்த்தான், மவுத்பீஸைப் பார்த்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான், ஒன்றும் சொல்லவில்லை.

அங்கேயே ஆவணக் காப்பகமும் இருக்கிறது, சுமார் 60,000 பொருட்கள். முன்பு இது குவீன்ஸ் காலேஜ் நூலகத்தில் இருந்தது, இப்போது அவர் வாழ்ந்த தெருவுக்கே திரும்பி வந்திருக்கிறது. ஒரு தனியார் அறக்கட்டளை பணம் கொடுத்ததில் பெரும்பகுதியை டிஜிட்டலாக மாற்றி 2018 இல் இணையத்தில் வைத்துவிட்டார்கள். வர முடியாதவர்கள் சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டுகூடப் பார்க்கலாம், கேட்கலாம். 75 பேர் உட்காரும் ஒரு சின்ன அரங்கமும் உண்டு. நாங்கள் போன நேரம் காலியாக இருந்தது, மேடையில் மூடிய பியானோ ஒன்று மட்டும். முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். வாசிக்கிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும் தூரம். பெரிய அரங்கில் திரையில் பார்ப்பது வேறு, இப்படி எட்டடி தூரத்தில் ஒரு பிள்ளை உட்கார்ந்து ஒரு கலைஞரின் கன்னம் உப்புவதைப் பார்ப்பது வேறு. நம் ஊரில் குரு வாசிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே பாதி வித்தை ஏறும் என்பார்களே, ஜாஸும் அப்படித்தான் இத்தனை காலம் கைமாறி வந்திருக்கிறது. நோட்டு எழுதிய தாளில் வராத விஷயம் அதில் ஏராளம்.

கற்பித்தல் என்று வரும்போது ஆம்ஸ்ட்ராங்கின் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். கண்காட்சியில் இதைப் படித்துவிட்டு என் பையனுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். 1912 டிசம்பர் 31 ராத்திரி, பதினோரு வயது, புத்தாண்டுக் கொண்டாட்டத்தில் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கியால் சுட்டான், போலீஸ் பிடித்தது, கறுப்பினச் சிறுவர்களுக்கான சீர்திருத்த இல்லத்தில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அங்கே பீட்டர் டேவிஸ் என்று ஒரு பேண்ட் வாத்தியார். முதலில் இந்தப் பையனைக் கண்டாலே அவருக்குப் பிடிக்கவில்லை. ரவுடிப் பேட்டையிலிருந்து வந்தவன் என்று ஒதுக்கினார். பிறகு ஒரு டாம்பரின் கொடுத்தார், அப்புறம் டிரம், அப்புறம் ஆல்டோ ஹார்ன், பியூகிள், கடைசியில் கார்னெட். ஒன்றரை வருடத்தில் பேண்டின் தலைவனே இவன்தான். அந்தப் பேண்ட் தெருவில் ஊர்வலம் போனபோது அவன் பழைய பேட்டைக்காரர்கள் எல்லாம் சில்லறையை வீசிக் கொண்டாடினார்களாம்.

யோசித்துப் பாருங்கள். இருபதாம் நூற்றாண்டின் இசையையே திருப்பிப்போட்ட ஒரு ஆளுக்கு முறையான முதல் பயிற்சி கிடைத்தது பணக்காரப் பள்ளியில் இல்லை, தனி டியூஷனில் இல்லை. யாருக்கும் வேண்டாத பிள்ளைகளை அடைத்துவைத்த ஒரு இல்லத்தில், ஊருக்குச் சொந்தமான ஒரு வாத்தியத்தை ஒரு வாத்தியார் கையில் கொடுத்ததால். அங்கே அன்றைக்கு பேண்ட் இல்லாமல் இருந்திருந்தால்? அந்த இல்லத்தில் எத்தனையோ பையன்கள் இருந்தார்கள், எல்லோரும் ஆம்ஸ்ட்ராங் ஆகவில்லை, ஆக வேண்டியதும் இல்லை. ஆனால் யார் ஆவார்கள் என்று முன்கூட்டியே தெரியாது, அதனால்தான் எல்லோர் கையிலும் ஒன்று கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொரோனா பேட்டைக்கு வருவோம். இங்கே ஆம்ஸ்ட்ராங் மட்டும் இல்லை. இன்னொரு பெரிய ட்ரம்பெட் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியும் இங்கே குடியிருந்தார். பக்கத்திலேயே டோரி மில்லர் என்ற கூட்டுறவுக் குடியிருப்பில் கேனன்பால் ஆடர்லி, கிளார்க் டெர்ரி, ஜிம்மி ஹீத் என்ற ஜாஸ் கலைஞர்கள் எல்லாம் அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள். ஜிம்மி ஹீத் சாக்ஸஃபோன்காரர், 1980களின் கடைசியில் குவீன்ஸ் காலேஜில் பேராசிரியராகச் சேர்ந்து ஜாஸ் படிப்பை வளர்த்தெடுத்தவர், 2020 இல் இறந்தார். பொதுக் கல்லூரியில் ஒரு ஜிம்மி ஹீத் பாடம் எடுத்தார் என்றால், சப்வேயில் வந்து இறங்குகிற ஒரு சாதாரண வீட்டுப் பிள்ளைக்கு அவர் பக்கத்தில் உட்காரும் வாய்ப்பு கிடைத்தது என்று அர்த்தம். அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் 1982 முதல் கொடுத்துவரும் ஜாஸ் மாஸ்டர் விருதும் அவருக்கு 2003 இல் கிடைத்தது. இப்போது அந்த விருதுத் தொகை 25,000 டாலர். வாழ்நாள் முழுக்கக் கிளப்களில் வாசித்து ஓய்வூதியம் இல்லாமல் இருக்கும் ஒரு கலைஞருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

இதெல்லாம் இப்போது ஆட்டம் கண்டிருக்கிறது என்பதுதான் எனக்குக் கவலை. 2025 மே மாதம் வந்த வெள்ளை மாளிகையின் பட்ஜெட் திட்டத்தில் தேசியக் கலை நிதியம், மனிதவியல் நிதியம், அருங்காட்சியகங்களுக்கும் நூலகங்களுக்குமான நிறுவனம் மூன்றையுமே மூடிவிடச் சொல்லியிருந்தார்கள். அந்த வாரமே நாடு முழுக்கப் பல சிறு அமைப்புகளுக்கு, ஏற்கெனவே ஒதுக்கிய நிதி ரத்து என்று மின்னஞ்சல் போனது. பாதி வேலை முடிந்திருந்தவர்களுக்கும் சேர்த்துத்தான். பெரிய அரங்கங்களுக்கு நன்கொடையாளர்கள் இருப்பார்கள், சமாளித்துக்கொள்வார்கள். சனிக்கிழமை காலையில் பேட்டைப் பிள்ளைகளுக்கு இலவசமாக டிரம்போன் சொல்லிக்கொடுக்கிற அமைப்பு என்ன செய்யும்?

அரசுக்கும் ஜாஸுக்கும் என்ன சம்பந்தம், பிடித்தவர்கள் டிக்கெட் வாங்கிக் கேட்கட்டும் என்று சொல்கிறவர்களை எனக்குத் தெரியும், எங்கள் வாட்ஸப் குழுவிலேயே உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது, இந்த இசையை அரசாங்கம் நன்றாகவே உபயோகப்படுத்திக்கொண்டது. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்க வெளியுறவுத் துறை தன் செலவில் ஜாஸ் கலைஞர்களை உலகம் சுற்ற அனுப்பியது. 1956 இல் டிஸ்ஸி கில்லெஸ்பியோடு ஆரம்பம். 1958 இல் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் குழு நம் மெட்ராஸ்வரை வந்து வாசித்துவிட்டுப் போனது. ஆம்ஸ்ட்ராங் 1960 இல் காங்கோ போனபோது அவரை நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள், அந்தப் படம் இன்றைக்கும் பிரசித்தம். அதற்கு மூன்று வருடம் முன்பு, 1957 இல், ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரப் பள்ளியில் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாமல் தடுத்தபோது இதே ஆம்ஸ்ட்ராங் அரசாங்கத்தை வெளிப்படையாகத் திட்டிவிட்டு, சோவியத் நாட்டுக்குப் போகவிருந்த அரசுப் பயணத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தூதராக அனுப்பத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தூதரின் வீட்டுக்குக் கூரை மாற்றவும் அவர் வாசித்த வாத்தியத்தை அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொடுக்கவும் கடமை உண்டு. நான் அதை உதவி என்றுகூடச் சொல்ல மாட்டேன், பாக்கி என்றுதான் சொல்வேன்.

ஆம்ஸ்ட்ராங்கும் தன் பங்குக்குக் கொடுத்துவிட்டுத்தான் போனார். 1969 இல் அவர் ஆரம்பித்த கல்வி அறக்கட்டளை இன்றும் இசைப் படிப்புக்குப் பணம் தருகிறது. வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளுக்கு ட்ரம்பெட்டைக் கையில் கொடுத்து ஊதிப் பார்க்கச் சொல்லும் புகைப்படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். நாங்கள் கிளம்பும்போது அதே படியில் பக்கத்து வீட்டுச் சின்னப் பெண்கள் இரண்டு பேர் உட்கார்ந்து ஐஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை.

எழுத வேண்டிய குறை என்று எனக்குப் பெரிதாக எதுவும் படவில்லை. சிலருக்கு ஏமாற்றமாக இருக்கலாம் என்பதற்காக மட்டும் இதைச் சொல்கிறேன்: இது பெரிய மியூசியம் இல்லை. மன்ஹாட்டன் மியூசியங்களுக்குப் போகிற மாதிரி நாள் முழுக்கச் சுற்றலாம் என்று வந்தால் இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். வீட்டுச் சுற்று முக்கால் மணி நேரத்துக்குள். மாடிப்படி குறுகல், முழங்கால் வலி உள்ள பெரியவர்களை அழைத்துப்போனால் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு எதையும் தொடக்கூடாது என்பது கஷ்டமாக இருக்கும். பத்து வயதுக்கு மேல், அதுவும் ஏதாவது ஒரு வாத்தியம் கற்கிற பிள்ளை என்றால், யோசிக்காமல் கூட்டிப்போங்கள். வாய்ப்பாட்டு, வயலின், மிருதங்கம் எதுவானாலும் சரி. ஐந்துக்கு ஐந்து.

வெளியே வந்ததும் பசித்தால் தெருமுனையிலேயே எக்வடார், மெக்சிகோ சாப்பாட்டுக் கடைகள் நிறைய. நாங்கள் மறுபடி 7 ஆம் நம்பரில் ஏறி ஃப்ளஷிங் போய் கேன்டீனில் தோசை சாப்பிட்டோம். பையன் சாப்பிடும்போது கேட்டான், "அம்மா, அந்த ஹோமில் பேண்ட் சார் இல்லேன்னா அவருக்கு யார் கத்துக் கொடுத்திருப்பாங்க?" பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் ஆனது, ஏனென்றால் அவன் எதை நினைத்துக் கேட்கிறான் என்று தெரியும். அவன் பள்ளியில் அடுத்த வருடம் பேண்ட் வகுப்பைப் பாதியாகக் குறைக்கப் போகிறார்கள். ஒரே வாத்தியார் இரண்டு பள்ளிக்கும் ஓட வேண்டும், ஆறாம் வகுப்புக்குப் புதிதாக யாரையும் சேர்க்க மாட்டார்கள், பள்ளியின் பொது வாத்தியங்களையும் விற்றுவிடுவதாகப் பேச்சு. எங்களால் வாடகை கட்ட முடிகிறது. அவனோடு கிளாரினெட் வாசிக்கிற பையன் பள்ளி வாத்தியத்தைத்தான் வாரக்கடைசியில் வீட்டுக்கு எடுத்துப்போவான்.

வரும் செவ்வாய்க்கிழமை பள்ளி வாரியக் கூட்டம். பெற்றோர் ஒவ்வொருவருக்கும் மூன்று நிமிடம் பேசத் தருவார்கள். நான் பெயர் கொடுத்திருக்கிறேன், பீட்டர் டேவிஸைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கிளாரினெட் பையனின் அம்மாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.